கையில் எந்தப் பாஸ்போர்ட்? வெளிநாட்டில் ஆங்கிலமும் வேலையும் தேடும் கடலூர், புதுவை இளைஞர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஆறு மாசம் ஆங்கிலம் படிங்க, பார்ட் டைம் வேலை பாருங்க, போட்ட பணம் தானா வந்துடும்." கடலூரிலும் புதுச்சேரியிலும் கன்சல்டன்சிகள் விற்கும் அயர்லாந்து பேக்கேஜின் சாரம் இவ்வளவுதான். இதில் பொய் குறைவு, மறைத்துச் சொல்வது அதிகம். இந்த ஏற்பாடு பிரேசில், மெக்சிகோ இளைஞர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அவர்களுக்கு அயர்லாந்தில் இறங்க முன்கூட்டி விசா வேண்டாம். டப்ளின் போய்ச் சேர்ந்து, பதிவு செய்துகொண்டு, வகுப்பில் உட்காரலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர் இங்கிருந்தே விசா வாங்க வேண்டும். அதற்கு முன் கட்டணத்தைக் கட்டியிருக்க வேண்டும், பணம் காட்ட வேண்டும், மறுக்கப்பட்டால் மறுபடி தொடங்க வேண்டும். ஒரே சரக்குதான், வாங்குபவரைப் பொறுத்து விலை மாறுகிறது.

எனவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். புதுச்சேரியில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவருக்கு வழிகள் முற்றிலும் வேறு.

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய், ஒரு பவுண்டு 115, ஒரு ஆஸ்திரேலிய டாலர் 57 என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அரசுக் கட்டணங்கள் 2025 நிலவரப்படி. ஏப்ரலிலும் ஜூலையிலும் இவை ஏறுவது வழக்கம் என்பதால் அந்தந்த அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தால்

அயர்லாந்தைத் தவிர வேறு இடம் யோசிக்க அதிகக் காரணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் அங்கே விசா இல்லாமல் இறங்கலாம், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். ஆகவே 25 வார பேக்கேஜை நீங்கள் வாங்கவே கூடாது. விசா விதிக்காக அந்த நீளத்துக்கு வெட்டப்பட்ட பாடம் அது. எட்டு அல்லது பத்து வாரம் காலை வகுப்பு, பிறகு முழுநேர வேலை, தேவைப்பட்டால் மாலை வகுப்பு என்று உங்கள் வசதிக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் முதல் வேலை பிபிஎஸ் எண் வாங்குவது, அதாவது வரிக்கும் அரசு சேவைகளுக்கும் தரும் தனிநபர் எண். அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். தற்காலிகத் தங்குமிடத்தில் சான்று தர மறுப்பதால் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அறை பேசும்போதே கடிதம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். எண் வந்தபின் வருவாய்த்துறை இணையதளத்தில் வேலையைப் பதிவு செய்யாவிட்டால் அவசர வரி என்று ஒன்றைப் பிடிப்பார்கள். சில வாரங்களில் அது 40 சதவீத விகிதத்துக்குப் போய்விடும். பிறகு திருப்பி வாங்கலாம் என்றாலும், கையில் காசில்லாத முதல் மாதத்தில் அந்தப் பிடித்தம் வலிக்கும். இன்னொன்று: பிரான்சில் வசிக்காமல், அங்கே சமூகக் காப்பீட்டிலும் இல்லாத புதுவைக்காரருக்கு ஐரோப்பிய மருத்துவ அட்டை தானாகக் கிடைக்காது. தனியாகக் காப்பீடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மால்டாவும் திறந்தே இருக்கிறது. வெயில் உண்டு, கடல் உண்டு, கூலி அயர்லாந்தைவிட மிகக் குறைவு. கோடையில் ஐரோப்பாவின் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அங்கே மொழி வகுப்புக்கு வந்து குவிவார்கள், வாடகையும் ஏறும். பிரிட்டன் பிரெக்சிட்டுக்குப் பிறகு மூடிய கதவு: ஆறு மாதம் வரை வந்து படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. ஆஸ்திரேலியாவோ நேர்மாறு. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு 417 என்ற ஒர்க்கிங் ஹாலிடே விசா 35 வயது வரை, குலுக்கல் இல்லாமல் கிடைக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டது, சம்பாதிப்பதே நோக்கம் என்றால் அயர்லாந்துக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்: படிப்பு வழியாகப் போவது

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். பிரிட்டனில் ஆங்கிலம் படிக்க 11 மாதம் வரை குறுகியகாலப் படிப்பு விசா உண்டு; அதில் வேலைக்கு அனுமதி அறவே இல்லை. கனடாவில் மொழிப் பாடம் மட்டும் படிப்பவர் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது. மால்டாவில் முதல் 90 நாள் வேலை கிடையாது, அதன்பிறகும் உரிமம் வாங்கி வாரம் 20 மணி நேரம்தான். ஆக, படிப்பும் வேலையும் சேர்ந்து என்றால் மிஞ்சுவது அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும்.

அயர்லாந்து: அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள 25 வாரப் பாடம், வாரம் குறைந்தது 15 மணி நேர வகுப்பு. விடுமுறையும் சேர்த்து எட்டு மாதம் தங்கலாம். வேலை வாரம் 20 மணி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையிலும் 40 மணி. பாடக் கட்டணம் பள்ளியைப் பொறுத்து 3,000 யூரோ அளவில் இருக்கும். விசா 60 யூரோ, அங்கே போனபின் பதிவு அட்டைக்கு 300 யூரோ, காப்பீடு தனி. சேர்த்தால் மூன்றரை லட்சம் ரூபாய் திரும்பி வராத செலவு. அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கு, ஓராண்டுக்கு 10,000 யூரோ, அதாவது 10 லட்சம் என்ற கணக்கில், தங்கும் காலத்துக்கு உரிய தொகை உங்களுக்குக் கிடைக்கும் நிலையில் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

வரவைப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.15 யூரோ. 20 மணிக்கு 283, மாதத்துக்குச் சுமார் 1,225 யூரோ. டப்ளினில் இருவர் மூவர் பகிரும் அறையில் ஒரு கட்டிலுக்கே 600 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். சாப்பாடு, பேருந்து, போன் போக மிச்சம் நூறு இருநூறு யூரோதான். முதல் வேலை கிடைக்கவும் சில வாரங்கள் ஆகும். கூலி வயிற்றைக் கழுவும். கட்டிய மூன்றரை லட்சத்தைத் திருப்பித் தராது. கோடையில் 40 மணி நேரம் பார்க்கிறவருக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அதனால் போவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பு தொடங்குமாறு திட்டமிடுங்கள். செப்டம்பரில் இறங்குபவர் குளிரையும் 20 மணி வரம்பையும் ஒன்றாகச் சந்திக்கிறார்.

விசா மறுக்கப்படும் காரணம் பெரும்பாலும் பணமில்லாமை அல்ல. பள்ளி, கல்லூரி எல்லாம் ஆங்கில வழியில் படித்து, பி.இ. முடித்து, ஒரு வருடம் வேலையும் பார்த்தவர் திடீரென்று அடிப்படை ஆங்கிலப் பாடத்துக்கு ஏன் போகிறார் என்று அதிகாரி கேட்பார். விண்ணப்பத்தில் அதற்கு நம்பும்படியான பதில் இருக்காது. படிப்பில் விழுந்த இடைவெளி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தர வேண்டும் என்பதும் விதி. "அரியர் எழுதிக்கொண்டிருந்தேன்" என்றால் அதையே மதிப்பெண் பட்டியலோடு எழுதுங்கள், மூடி மறைக்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் பள்ளி எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் என்பதைப் பணம் அனுப்பும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனபின் வருகைப்பதிவு 85 சதவீதம் கட்டாயம். ஓட்டலில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை வகுப்பில் தூங்குபவர் அனுமதி நீட்டிப்பின்போது மாட்டுவார்.

ஆஸ்திரேலிய மாணவர் விசா இதைவிடக் கனமானது. 2025 ஜூலை முதல் விண்ணப்பக் கட்டணமே 2,000 டாலர், 1,14,000 ரூபாய். பத்து வார மொழிப் பாடத்துக்கும் மூன்று வருடப் பட்டத்துக்கும் அதே தொகைதான், மறுத்தால் திரும்பாது. ஓராண்டுக்கு 29,710 டாலர், ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும்; பாடக் கட்டணமும் விமானச் செலவும் அதில் சேராது. பாடம் நடக்கும்போது இரு வாரத்துக்கு 48 மணி நேர வேலை, 2025 ஜூலை நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் என்பது கவர்ச்சிதான். ஆனால் அங்கே பட்டமோ தொழிற்படிப்போ தொடரும் திட்டம் இல்லாமல், மொழிப் பாடத்துக்காக மட்டும் இந்தக் கதவைத் தட்டுவது வீண்செலவு.

குலுக்கல் வழியாகப் போவது

இந்தியர்களுக்கென்று சமீபத்தில் திறந்த இரண்டு வழிகளைப் பற்றிக் கன்சல்டன்சிகள் அதிகம் பேசுவதில்லை. பாடக் கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷனும் இல்லையே.

ஒன்று, பிரிட்டனின் இளம் தொழில்முறையினர் திட்டம். 2023இல் தொடங்கியது, ஆண்டுக்கு 3,000 இடம். வயது 18 முதல் 30, கையில் இளங்கலைப் பட்டம் அல்லது அதற்கு மேல். பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் போதாது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை. இரண்டு ஆண்டு தங்கி ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம், படிக்கவும் செய்யலாம். நீட்டிப்பு கிடையாது, குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. குலுக்கல் பிப்ரவரியிலும் ஜூலையிலும் நடப்பது வழக்கம். பெரும்பாலான இடங்கள் பிப்ரவரியில். 48 மணி நேரம்தான் திறந்திருக்கும், பெயர் கொடுக்கக் காசு வேண்டாம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், அதன் படம், போன், மின்னஞ்சல் போதும்.

தேர்வானால் செலவு தொடங்கும். விசா 319 பவுண்டு, மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 வீதம் 1,552. ஆக 1,871 பவுண்டு, சுமார் 2,15,000 ரூபாய். சேமிப்பாக 2,530 பவுண்டு, சுமார் 2,91,000 ரூபாய், உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். சறுக்கல் இந்த இடத்தில்தான் அதிகம். அப்பாவின் கணக்கு செல்லாது. இருபதாம் நாள் ஈஎம்ஐ பிடித்து இருப்பு ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ரூபாய் மதிப்பு சரிந்தாலும் இதே ஆபத்து உண்டு என்பதால் இருபது, முப்பதாயிரம் கூடுதலாக வைத்திருங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அதற்குச் சென்னை போய்வர ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் 462 ஒர்க் அண்ட் ஹாலிடே. 2024 அக்டோபரில் இந்தியர்களுக்குத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், 18 முதல் 30 வயது. முதல் குலுக்கலுக்கு முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்தார்கள், அதாவது நாற்பதில் ஒருவருக்குக்கூட இடம் உறுதியில்லை. பதிவுக் கட்டணம் 25 டாலர், பாஸ்போர்ட்டோடு பான் அட்டையும் வேண்டும். தேர்வானபின் விண்ணப்பிக்க 28 நாள்தான். பள்ளி முடித்தபின் இரண்டு ஆண்டுப் படிப்பு, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5 அல்லது அதற்கு இணை, 5,000 டாலர் சேமிப்பு, 670 டாலர் விசா கட்டணம். 28 நாளுக்குள் ஆங்கிலத் தேர்வுக்கு நாள் பிடித்து முடிவும் வாங்குவது கழுத்தைப் பிடிக்கும் வேலை. எனவே குலுக்கலுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தேர்வுக் கட்டணம் 18,000 ரூபாய் அளவில், முடிவு 12 மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும்.

462இல் ஓராண்டு தங்கலாம், நான்கு மாதம் வரை படிக்கலாம், ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வரை வேலை பார்க்கலாம். நிரந்தரமற்ற வேலைக்கு 25 சதவீதம் கூடுதல் உண்டு. குறைந்தபட்சமே மணிக்கு 31 டாலரைத் தாண்டும். வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். முதலாளி உங்களுக்காகக் கட்டும் ஓய்வூதியப் பணத்தை நாடு திரும்பும்போது எடுக்கலாம், ஆனால் 65 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சேமிப்பாக எண்ண வேண்டாம். இரண்டாம் ஆண்டு வேண்டுமானால் வடக்கு அல்லது ஒதுக்குப்புறப் பகுதிகளில் மூன்று மாதம் குறிப்பிட்ட வேலை பார்த்திருக்க வேண்டும்: பண்ணை, ஓட்டல், வடக்கே மீன்பிடி போன்றவை. இந்த இரண்டாவது விசாவுக்குக் குலுக்கல் இல்லை. பழம் பறிக்கும் வேலையில் கூடைக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரல் முதல் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி. அதைவிடக் குறைத்துத் தருபவரிடம் நின்று காலம் கழிக்காதீர்கள்.

இரண்டில் எது? இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. இரண்டு குலுக்கலிலும் உங்கள் பெயர் விழுந்தால் எங்கள் தேர்வு, கணினி, கணக்கு, செவிலியர் போன்ற தொழில் கையில் உள்ளவருக்குப் பிரிட்டன், காரணம் ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டு தொடர முடியும். உடல் உழைப்புக்கும் இடம் மாறுவதற்கும் தயங்காதவருக்கு ஆஸ்திரேலியா. ஓராண்டில் மிச்சம் பிடிப்பது அங்கேதான் எளிது.

அப்படியானால் ஆங்கிலத்தை எங்கே கற்பது

இங்கேயே. வேறு வழி இல்லாததால் சொல்லும் ஆறுதல் இது என்று நினைக்க வேண்டாம். 12 வருடம் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓரளவு இருக்கும். வாய் திறப்பதுதான் வராது. டப்ளின் வகுப்பில் வாரம் 15 மணி நேரம் கிடைப்பதில் பாதிக்கு மேல் அந்த இலக்கணமே. பக்கத்தில் இருப்பவரும் உங்களைப் போலக் கற்றுக்கொள்ள வந்த பிரேசில்காரர். வகுப்பு முடிந்து தமிழர்கள் சேர்ந்திருக்கும் வீட்டுக்குத் திரும்பினால் மீதி நேரமும் போச்சு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியேறினால் இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் குறைவிருக்காது, ஆங்கிலம் மட்டும் வளராது.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுத் தெருக்களின் விருந்தினர் விடுதிகள், காபிக் கடைகள், ஆரோவில்லின் உணவகங்களும் பட்டறைகளும், இவற்றிலெல்லாம் நாள் முழுக்க வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலைகள் இருக்கின்றன. சம்பளம் பெரிதாக இராது. ஆனால் ஆறு மாதம் வரவேற்பு மேசையிலோ காபி இயந்திரத்தின் முன்னாலோ நின்றால் இரண்டு லாபம்: வாய் பழகும், வெளிநாட்டில் முதல் வேலை தரும் கடைக்காரர் கேட்கும் அனுபவமும் சேரும். கடலூர்க்காரருக்கு 22 கிலோமீட்டர் பேருந்துப் பயணம்தான். கிளம்பும்போது முதலாளியிடம் வேலைக் கடிதம் வாங்குங்கள்: எந்தத் தேதியிலிருந்து எது வரை, என்ன வேலை, கையெழுத்து, போன் எண். வெளிநாட்டு முதலாளி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்பார். ஆங்கிலத்தில் பதில் சொல்லக்கூடிய ஒருவருடைய எண்ணாக இருக்கட்டும்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். கோச்சிங் மையத்தில் மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர் உடனே கண்டுகொண்டு கேள்வியைத் திருப்பிவிடுவார். விடுதி வேலையில் பழகிய வாய்க்கு அந்தத் திருப்பம் சிரமமில்லை.

இனிஷியலும் நகைக்கடனும்

நம் ஊர் விண்ணப்பங்கள் தடுமாறும் முக்கிய இடம் பெயர். மதிப்பெண் பட்டியலில் "எஸ். கார்த்திக்", பான் அட்டையில் "கார்த்திக் செல்வம்", பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி என்று மூன்று ஆள் போல இருந்தால் சிக்கல். குலுக்கலில் பாஸ்போர்ட்டில் இருப்பது எப்படியோ அப்படியே எழுத வேண்டும். தேர்வான பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றினால் எண்ணும் மாறும், விவரம் பொருந்தாது. எனவே பெயர் திருத்தம், பாஸ்போர்ட் புதுப்பிப்பு எல்லாம் குலுக்கலுக்கு முன்பே முடியட்டும். அண்ணாமலை அல்லது புதுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றதைச் சொல்லும் தற்காலிகச் சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள்.

அடுத்தது பணம் வந்த வழி. நகையை அடகு வைத்து விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மூன்று லட்சம் போட்டால், அயர்லாந்து அதிகாரி ஆறு மாத வங்கி அறிக்கையில் அதைத்தான் முதலில் பார்ப்பார். நகைக்கடன் குற்றமில்லை. கடன் ரசீதையும், திருப்பிக் கட்டப்போகிறவர் யார், அவர் வருமானம் என்ன என்ற விளக்கத்தையும் இணைக்க வேண்டும். "நண்பர் கொடுத்தார்" என்று ஒரு வரியில் எழுதுவது மறுப்பை விலைக்கு வாங்குவது.

கடைசியாக, இடைத்தரகர். பிரிட்டன் குலுக்கல் இலவசம், ஆஸ்திரேலியாவுடையது 25 டாலர். "பதிவு செய்து தருகிறோம், இடம் உறுதி" என்று ஐம்பதாயிரம் கேட்பவரிடம் உறுதி செய்ய எதுவும் இல்லை. கணினி பொறுக்குவதில் யாருக்கும் கை இல்லை. படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சி வேறு, வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வேறு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால், அதுவும் ரசீது இல்லாமல் கேட்டால், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.